முதலில் ஏரிக்கு அளவுகோல், பிறகு ஏ.ஐ.!

நீர் மேலாண்மை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ‘‘திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை எங்கள் ஊர். மலைக்கும் ஏரிக்கும் நடுவில் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. 2024 கார்த்திகை மாத மழையில் ஓடை திசைமாறி வந்து, சம்பா நெல் மேல் ஒரு முழம் மணலைப் போட்டுவிட்டுப் போனது. இப்போது அணை, ஆறு, நகரத்து மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்று பேசுகிறார்கள். எங்களைப் போன்ற மலையடிவாரத்து ஏரிப் பாசனக்காரர்களுக்கு அதனால் பயன் உண்டா? ஊர் சேர்ந்து பணம் போட்டால் எங்கள் ஏரிக்கு அதை வைக்க முடியுமா?’’

- ஒரு வாசகர், அடி அண்ணாமலை.

பதில்: பயன் உண்டு. ஆனால், பணத்தைப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் வாங்கும் கருவி, பழுதான மோட்டாருக்குப் புது ஸ்டார்ட்டர் மாட்டியது போலத்தான். விரிவாகவே பார்த்துவிடலாம்.

ஏ.ஐ. என்ன செய்கிறது?

பல ஏரிகளுக்கு முன்பு ஒரு நீர்க்கட்டி இருந்தார். கம்புகட்டி, மடையர் என்று பகுதிக்கு ஒரு பெயர். ‘மலை உச்சியில் மேகம் இப்படி இறங்கி, இவ்வளவு நேரம் பெய்தால், ஓடையில் தண்ணீர் வர இத்தனை நாழிகை ஆகும். கலங்கல் வழிய இத்தனை நாழிகை ஆகும்’ என்று அவரால் சொல்ல முடிந்தது. அது ஜோசியம் இல்லை. முப்பது, நாற்பது வருட மழையை அதே கரையில் நின்று பார்த்த கணக்கு.

ஏ.ஐ. செய்வதும் அதே வேலைதான். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தபோது, எத்தனை மணி நேரம் கழித்து, ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் வந்தது என்ற பழைய பதிவுகளை ஆயிரக்கணக்கில் அதற்குக் கொடுக்கிறார்கள். அவற்றிலிருந்து அது கணக்கைப் பழகிக்கொள்கிறது. அடுத்து, இன்றைய மழையையும் நாளைய மழை முன்னறிவிப்பையும் கொடுத்தால், எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்கிறது.

பெரிய ஆறுகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. கூகுள் நிறுவனம், மத்திய நீர் ஆணையத்துடன் சேர்ந்து 2018-ல் பாட்னா பகுதியில் வெள்ள எச்சரிக்கையைத் தொடங்கியது. பிறகு நாடு முழுக்க விரிவாக்கியது. 2024 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், உலகம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் ஆற்று நீர் அளவீடுகளைக் கொண்டு பழக்கிய ஏ.ஐ., அளவீடே இல்லாத ஆறுகளுக்கும் ஐந்து நாட்கள் முன்கூட்டி ஓரளவு நம்பகமாகச் சொல்கிறது என்று காட்டினார்கள்.

நகர வடிகால்களிலும் இது வந்துவிட்டது. அமெரிக்காவில் சவுத் பெண்ட் என்ற நகரத்தில், பாதாளக் குழாய்களுக்குள் நூற்றுக்கும் அதிகமான சென்சார்களை வைத்திருக்கிறார்கள். எந்தக் குழாய் நிரம்புகிறது, எதில் இடம் இருக்கிறது என்று பார்த்து, அடைப்புக் கதவுகள் தானாகவே திறந்து மூடுகின்றன. நம் ஊரில், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட்டு, அடையாற்றங்கரை மூழ்கிய பிறகு, சென்னையைச் சுற்றியுள்ள கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் வடிநிலங்களுக்கு உடனுக்குடன் வெள்ளத்தைக் கணிக்கும் அமைப்பை அரசு ஏற்படுத்தியிருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயத்தைக் கவனியுங்கள். யாரோ, எங்கோ, பல வருடங்களாகத் தண்ணீரை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அல்லது அளக்கும் கருவியை முதலில் வைத்தார்கள். ஏ.ஐ. அதற்குப் பிறகுதான் வந்தது. உங்கள் ஏரியில் நேற்று எத்தனை அடி தண்ணீர் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? நமது மாநிலத்தில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்: கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, கணக்கு இல்லை.

சாத்தனூர் சொல்லும் கணக்கு

உங்கள் மாவட்டத்திலேயே நடந்ததைக் கொண்டு, முன்னறிவிப்பால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரு கட்டத்தில் அது புயலாக வலுப்பெறாது என்றுகூட வானிலை ஆய்வு மையம் கணித்திருந்தது. மறுநாளே புயலானது. கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் பெய்ததெல்லாம் சாத்தனூர் அணைக்கு வரும் தண்ணீர். டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். டிசம்பர் 2-ம் தேதி அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசு சொன்னது. முறையான முன்னறிவிப்பு இல்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின.

அந்த வாதத்தை விடுங்கள். பென்சில் எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,68,000 கன அடி வந்தால், அணை முழுக்கக் காலியாக இருந்தாலும் சுமார் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அன்றைக்கு அணை ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்தது.

சரி, ஏ.ஐ. இரண்டு நாட்களுக்கு முன்பே சொல்லியிருந்தால்? ஆற்றங்கரை பாதிக்காத அளவில், விநாடிக்கு 10 ஆயிரம் கன அடி வீதம் இரண்டு நாட்கள் திறந்துவிட்டிருந்தால், 1,728 மில்லியன் கன அடி இடம் கிடைத்திருக்கும். அது அணையில் கிட்டத்தட்ட கால் பங்கு. ஆனால், 1,68,000 கன அடி வெள்ளம் அந்த இடத்தை மூன்று மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும்.

‘மூன்று மணி நேரம்தானா?’ என்று தோன்றும். இரவு இரண்டே முக்கால் மணிக்கு வர வேண்டிய வெள்ளம், விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கட்டுத்தறியில் இருக்கும் மாட்டை அவிழ்த்துவிடவும், பெரியவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுக்கு அனுப்பவும், பம்ப்செட் மோட்டாரைக் கழற்றவும் அந்த மூன்று மணி நேரம் போதும். வெள்ளத்தை நிறுத்தும் சக்தி ஏ.ஐ.க்கு இல்லை. அதனால் வாங்கித் தர முடிவது நேரம். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தால்தான், வாங்கிய நேரத்துக்கு மதிப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணிப்பு, ‘நூற்றுக்கு அறுபது வாய்ப்பு’ என்றுதான் சொல்லும். அதை நம்பிக் கால் பங்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மழை ஏமாற்றினால்? அணையை நம்பி சுமார் 45 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு இருக்கிறது. அந்த விவசாயிகள் மாசி, பங்குனியில் தண்ணீருக்கு எங்கே போவார்கள்? திறந்துவிட்டால் ஆயக்கட்டுக்காரருக்கு நஷ்டம் வரலாம். திறக்காவிட்டால் ஆற்றங்கரைக்காரர் உயிருக்கு ஆபத்து வரலாம். இந்தத் தராசை எந்த இயந்திரமும் பிடிக்க முடியாது. எத்தனை சதவிகித வாய்ப்பு வந்தால் எவ்வளவு திறக்கலாம், மழை ஏமாற்றினால் ஆயக்கட்டுக்கு என்ன ஈடு என்பதை அதிகாரிகளும் இரண்டு பக்க விவசாயிகளும் மழைக்காலத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். இதைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

மலையோடை வேறு, ஆறு வேறு

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். தென்பெண்ணையில் மேலே பெய்த மழை அணைக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அண்ணாமலையின் உயரம் சுமார் 2,668 அடி. அந்தச் சரிவில் பெய்யும் மழை உங்கள் ஓடைக்கு வர அவ்வளவு நேரமெல்லாம் எடுக்காது. ஆறுகளுக்குச் சொல்லும் ஏ.ஐ. உங்கள் ஓடையைப் பார்ப்பதே இல்லை. அதன் கண்ணுக்கு அது மிகச் சிறியது.

அதனால் உங்களுக்கு வேண்டியது இரண்டு தகவல்கள்தான். மலைச் சரிவில் இப்போது எவ்வளவு பெய்கிறது? ஏரியில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது? இதற்கும் கணக்கு உண்டு.

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 ஆயிரம் லிட்டர் தண்ணீர். ஓர் இரவில் 20 சென்டிமீட்டர் (200 மில்லிமீட்டர்) பெய்தால், ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். பாதி மண்ணில் இறங்கி, பாதி ஓடி வருவதாக வைத்துக்கொள்வோம். ஏரிக்குத் தண்ணீர் வரும் பரப்பு 500 ஏக்கர் என்றால், ஒரே இரவில் 20 கோடி லிட்டர் வரும்.

50 ஏக்கர் நீர்ப்பரப்பும், சராசரியாக 5 அடி ஆழமும் உள்ள ஏரியில் சுமார் 30 கோடி லிட்டர் பிடிக்கும். ஆக, அந்த ஓர் இரவு மழைக்கு ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். பாதிக்கு மேல் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கலங்கல் வழிந்தே தீரும். கலங்கலும் கோடிக்கால்வாயும் அடைபட்டிருந்தால், தண்ணீர் கரையைத்தான் தேடும்.

500, 50, 5 என்பவை கணக்கு புரிவதற்காகச் சொன்ன எண்கள். உங்கள் ஏரிக்கு உரிய எண்களைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், நீர்வளத்துறை அல்லது ஒன்றிய அலுவலகத்திலும் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். பொதுவாக, 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாகி, சுற்றுப்புற ஊராட்சிகள் பல அதனுடன் இணைக்கப்பட்டன. அதனால், உங்கள் ஏரியும் கால்வாயும் இப்போது யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதை எழுத்து மூலமாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வரும் இரவில் ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் வரக் கூடாது.

செலவில்லாமல் செய்ய வேண்டிய ஐந்து வேலைகள்

1. மழைமானி: பிளாஸ்டிக் மழைமானி ஒன்று வாங்கினாலே போதும். அது இல்லையென்றால், அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக, நேராக உள்ள பாத்திரம் ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, சேர்ந்த தண்ணீரை ஸ்கேலால் அளக்கலாம். மரத்தடி, கூரை ஓரம் கூடாது. தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது. ஊருக்குள் ஒன்று, மலைச் சரிவை ஒட்டிய நிலத்தில் ஒன்று வைத்தால் நல்லது.

2. ஏரிக்கு அளவுகோல்: மதகுச் சுவரில் கலங்கல் மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து கீழ்நோக்கி அடி, அரையடி என்று பெயின்ட்டால் கோடு போடுங்கள். பொறுப்பில் உள்ள துறையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ‘கலங்கலுக்கு இன்னும் இரண்டரை அடி’ என்று பத்து வயதுப் பிள்ளையும் படித்துச் சொல்லும்படி இருக்க வேண்டும். தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

3. நேரக் குறிப்பு: பலத்த மழை தொடங்கியது எத்தனை மணி, ஓடையில் தண்ணீர் வந்தது எத்தனை மணி, வாய்க்கால் நிரம்பியது எத்தனை மணி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்கைந்து மழைக்குப் பிறகு, உங்கள் ஓடைக்கு எத்தனை நிமிடம் என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணை எந்தக் கம்பெனியாலும் உங்களுக்கு விற்க முடியாது.

4. பாதை திறப்பு: ஐப்பசி பிறப்பதற்குள் வரத்துக்கால், கோடிக்கால்வாய், சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலங்கள் எல்லாவற்றையும் நடந்து பாருங்கள். கிரிவலப் பாதை ஓரத்து ஊர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ஒவ்வொரு பௌர்ணமிக்குப் பிறகும் தண்ணீர் பாட்டில், தட்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் சிறுபாலத்து வாயில் சேரும். அதை அகற்றச் சொல்லி உடனே கேளுங்கள். ஓடை திசைமாறுவதற்கு மேலே எங்கேயோ விழுந்த அடைப்பு காரணமாக இருக்கலாம். உங்கள் நிலத்துக்கு வந்த மணலின் தடத்தைப் பிடித்து மேலே நடந்து பாருங்கள். ஓடை எங்கே கரையை உடைத்தது என்பது தெரிந்துவிடும். மதகு ஷட்டருக்கு கிரீஸ் போட்டு, முழுக்க ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஷட்டரை எந்த ஏ.ஐ.யாலும் தூக்க முடியாது.

5. பொறுப்பு யாருக்கு: கலங்கலுக்கு எத்தனை அடி இருக்கும்போது யாருக்குப் போன் செய்வது, ஷட்டரைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, சாவி யாரிடம், கோயில் மைக்கில் யார் அறிவிப்பது, போன் இல்லாத வீடுகளுக்கு யார் போவது என்று பெயர் போட்டு எழுதி ஒட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. ஊராட்சியாக இருந்தால் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மாநகராட்சிப் பகுதியாக இருந்தால் வார்டு கூட்டத்தில் வையுங்கள்.

உத்திரமேரூர் கல்வெட்டுகளில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ‘ஏரி வாரியம்’ இருந்தது தெரிகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள, பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குச் சட்டமே இருக்கிறது. உங்கள் ஏரிக்கு அந்தச் சங்கம் இருந்தால், இந்த ஐந்து வேலைகளையும் அதன் பெயரில் செய்யுங்கள்.

கருவி வாங்குவதற்கு முன்னால்

இரண்டு மழைக்காலம் இப்படி எழுதிய பிறகு, கருவி வாங்குவதைப் பற்றிப் பேசலாம். ஏரிக்கு நீர்மட்ட சென்சாரும் சரிவில் தானியங்கி மழைமானியும் இருந்தால், இரவில் யாரும் டார்ச் லைட்டோடு கரைக்குப் போக வேண்டியதில்லை. அளவு தாண்டினால் போனுக்குத் தகவல் வரும். உங்கள் நோட்டில் உள்ள எண்கள்தான் அந்தக் கருவிக்குப் பாடப்புத்தகம். விற்க வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- பேட்டரி, சிம் கார்டு, சோலார் தகடு கெட்டால் யார் மாற்றுவார்கள்? எத்தனை நாளில்?
- டவர் விழுந்து சிக்னல் போனால் தகவல் எப்படி வரும்?
- பதிவாகும் அளவுகள் ஊருக்குச் சொந்தமா, கம்பெனிக்குச் சொந்தமா? நோட்டில் உள்ளதுபோல நாங்கள் எடுத்துப் பார்க்க முடியுமா?
- இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் எவ்வளவு?
- எங்கள் நோட்டில் உள்ள போன வருட மழையைக் கொடுத்தால், ஏரி எப்போது நிரம்பியிருக்கும் என்று உங்கள் ஏ.ஐ. சொல்லுமா? எங்கள் எழுத்தோடு ஒத்துப்போகிறதா பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், பணத்தை ஷட்டர் பழுதுக்குச் செலவிடுங்கள். தனியாக வாங்குவதைவிட, மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது மேல். மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகளை அரசு அமைத்திருக்கிறது. மலைச் சரிவுக்கு அருகில் அவற்றில் ஒன்று எங்கே இருக்கிறது, அதன் அளவு எங்கள் போனுக்கு எப்படி வரும் என்று கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: ‘‘போனில் உள்ள ஏ.ஐ. செயலியிடம் கேட்டால், நாளை மழை என்கிறது. அறுவடையைத் தள்ளிவைத்தால் வெயில் அடிக்கிறது. எதை நம்புவது?’’

- ஒரு வாசகர், கீழ்பென்னாத்தூர்.

பதில்: இரண்டு வகை ஏ.ஐ.யைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேள்வி கேட்டால் பேசுகிற செயலி ஒரு வகை. அது எழுத்தைப் படித்துப் பழகியது. உங்கள் ஊர் வானத்தை அது பார்ப்பதில்லை. தெரியாவிட்டாலும் தெரிந்ததுபோலப் பதில் சொல்லிவிடும். வானிலையைக் கணிப்பதற்கென்றே பழக்கிய ஏ.ஐ. வேறு வகை. 2025-ல் மத்திய வேளாண் அமைச்சகம், இந்த வகைக் கணிப்பை வைத்து, 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை தொடங்கும் காலத்தை எஸ்.எம்.எஸ். மூலம் அனுப்பியது. அந்த ஆண்டு, பருவமழை முன்னேறாமல் நடுவில் நின்றதையும் அது முன்கூட்டியே சொன்னது.

அறுவடைக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு, மாநில அரசின் ‘டி.என். அலர்ட்’ செயலி, வேளாண் வானிலைக்கான ‘மேக்தூத்’ செயலி ஆகியவற்றைப் பாருங்கள். வார்த்தைகளுக்கும் அளவு இருக்கிறது. கனமழை என்றால் 7 முதல் 11 சென்டிமீட்டர். மிகக் கனமழை என்றால் 12 முதல் 20. அதிகனமழை என்றால் அதற்கு மேல். ‘ஓரிரு இடங்களில்’ என்று இருந்தால், உங்கள் வயலில் பெய்யாமலும் போகலாம். அது பொய்த்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மழைமானி நோட்டில், ‘சொன்னது’ என்று ஒரு கட்டமும் ‘பெய்தது’ என்று ஒரு கட்டமும் போட்டு வாருங்கள். ஒரு பருவத்தில், உங்கள் ஊருக்கு எந்த அறிவிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ‘‘எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் காலையில் நிரப்பும் தண்ணீர் கடைசித் தெருவுக்கு வருவதில்லை. நகரங்களில் ஏ.ஐ. மூலம் கசிவைக் கண்டுபிடிக்கிறார்களாமே?’’

- ஒரு வாசகி, செங்கம்.

பதில்: கண்டுபிடிக்கிறார்கள். அதன் அடிப்படை எளிமையானது. நள்ளிரவில் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். அப்போதும் குழாயில் தண்ணீர் ஓடினால், அது கசிவு. சென்சாரும் ஏ.ஐ.யும் இதை ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு இரவும் பார்க்கின்றன. நீங்கள் ஓர் இரவு பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லி, இரவு 11 மணிக்குத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் நின்றிருக்க வேண்டும். ஊருக்குள் போகும் வால்வு திறந்திருக்க வேண்டும். குழாய்களை மூடி வைக்கும்படி தெருவில் முன்பே சொல்லிவிடுங்கள். அதிகாலை 4 மணிக்கு மறுபடி பாருங்கள். உள்விட்டம் 4 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் ஓர் அடி இறங்கியிருந்தால், ஐந்து மணி நேரத்தில் சுமார் 3,800 லிட்டர் போயிருக்கிறது. நாள் முழுக்க வால்வு திறந்திருந்தால் 18 ஆயிரம் லிட்டர் வீணாகும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அளவு. அப்படிப் பார்த்தால், முந்நூறு பேருக்கு மேல் பயன்படுத்த வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. மறுநாள் இரவு ஒரு தெருவின் வால்வை மூடிவிட்டு இதையே செய்யுங்கள். எந்தத் தெருவை மூடும்போது மட்டம் இறங்காமல் நிற்கிறதோ, அந்தத் தெருவில்தான் உடைப்பு. மட்டம் இறங்கவே இல்லையென்றால் கசிவு இல்லை, பகிர்வில்தான் கோளாறு. முதல் தெருவில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களா என்று பாருங்கள்.

அடி அண்ணாமலை வாசகர் போட்ட கேள்வி, மலையடிவாரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். உங்கள் ஊர் ஏரியில் அளவுகோல் வரைந்து, மழை நோட்டு எழுதத் தொடங்கியவர்கள், முதல் மாதக் கணக்கை எங்களுக்கு அனுப்புங்கள். அதில் வரும் சந்தேகங்களுக்கு அடுத்தடுத்த இதழ்களில் பதில் சொல்கிறோம்.